கோபுரமா, புதைவடமா? புகளூரில் சந்திக்கும் இரண்டு மின்பாதைகளை வைத்து ஓர் ஒப்பீடு

சத்தீஸ்கரின் ராய்கரில் புறப்பட்டு ஏறத்தாழ 1,765 கி.மீ. ஓடி வரும் ±800 கே.வி. (கிலோவோல்ட்) மின்பாதை தமிழ்நாட்டின் புகளூரில் வந்து முடிகிறது. இரண்டு ‘போல்’ (நேர்முனைக் கம்பித் தொகுதி ஒன்று, எதிர்முனைக் கம்பித் தொகுதி ஒன்று), 6,000 மெகாவாட், தொடக்கம் முதல் முடிவு வரை கோபுரங்கள். அதே புகளூரிலிருந்து திருச்சூருக்கு ±320 கே.வி.யில் 2,000 மெகாவாட் கொண்டுபோகும் இன்னொரு பாதை கிளம்புகிறது. அது தமிழ்நாட்டுக்குள் கோபுரத்தில் போய், எல்லை தாண்டி, பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரி வரைக்கும் கோபுரத்திலேயே போகிறது. அங்கே மண்ணுக்குள் இறங்கி, கடைசி 27 கி.மீ. அளவுக்குச் சாலையோரக் கேபிளாகத் திருச்சூரைத் தொடுகிறது.

2018, 2019இல் கொங்கு மாவட்டங்களில் விளைநிலங்களில் உயர்மின் கோபுரம் அமைப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது கேட்ட கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது: கேரளாவில் சாலையோரம் புதைக்க முடிகிறபோது எங்கள் காட்டில் மட்டும் ஏன் கோபுரம்? நியாயமான கேள்வி. "தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை" என்று ஒற்றை வரியில் சொல்லி முடிப்பது சரியான பதில் ஆகாது. அதற்காக "எல்லாவற்றையும் புதைத்துவிடலாம்" என்பதும் சரியாகாது. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, மாறுமின்னோட்டமா நேர்மின்னோட்டமா, அதாவது ஏ.சி.யா டி.சி.யா. மற்றது, மேலேயா கீழேயா. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதற்குப் பதில் கிடைக்காது.

நெடுந்தூரத்துக்கு ஏ.சி.யா, டி.சி.யா

ஏ.சி. பாதையில் எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்பதைக் கம்பியின் தடிமன் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு பாதைக்கும் இயல்பான சுமை அளவு ஒன்று உண்டு. 400 கே.வி.யில் மூஸ் என்ற ரகத்தின் இரட்டைக் கம்பிக்கு அது ஒரு சர்க்யூட்டுக்கு (மூன்று கட்டக் கம்பிகள் சேர்ந்த ஒரு தொகுதிக்கு) 515 மெகாவாட் அளவு, 765 கே.வி.யில் 2,200 மெகாவாட் அளவு. தூரம் 80, 100 கி.மீ. என்றால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஏற்றலாம். 500 கி.மீ.யை நெருங்கும்போது இதுவே எல்லையாகிவிடும். அதற்கு மேல் போனால் கம்பி சூடாவதற்கு வெகு முன்பே மின்னழுத்தம் சரியும், இரு முனைகளின் ஒத்திசைவு ஆட்டம் காணும். அதனால் 300, 400 கி.மீ.க்கு ஒரு துணைமின் நிலையம், அதில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரியாக்டர், தொடர் கெப்பாசிட்டர் போன்ற கருவிகள் என்று கட்டிக்கொண்டே வர வேண்டும்.

டி.சி.யில் இந்தத் தொல்லை இல்லை. மின்தடை ஒன்றுதான் கணக்கு. ராய்கர்–புகளூர் பாதையில் ஒரு போலுக்கு 3,000 மெகாவாட், 800 கே.வி.யால் வகுத்தால் 3,750 ஆம்பியர். 806 சதுர மி.மீ. அலுமினியம் உள்ள லேப்விங் ரகக் கம்பி ஒரு போலுக்கு ஆறு. ஆறும் சேர்ந்து முழு நீளத்துக்கும் 10 ஓமுக்குச் சற்று மேல். இதை வைத்துப் பெருக்கினால் இரு போலுக்கும் சேர்த்து முழுச் சுமையில் 300 மெகாவாட் அளவு, அதாவது 5 சதவீதம் வெப்பமாகப் போகும். வெயிலில் கம்பி சூடேறினால் இன்னும் கொஞ்சம் கூடும். இரு முனைகளிலும் ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்றும் மாற்று நிலையங்களில் முனைக்கு முக்கால் சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம். 1,765 கி.மீ.க்கு இது நல்ல கணக்கு.

நிலம் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். இந்தியாவில் 400 கே.வி. பாதைக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும்; 765 கே.வி. இரட்டைச் சர்க்யூட்டுக்கு 67; ±800 கே.வி. டி.சி.க்கு 69. டி.சி. பாதை ஒரு மீட்டர் அகலத்துக்கு 87 மெகாவாட் கொண்டுபோகிறது. 400 கே.வி. இரட்டைச் சர்க்யூட் கொண்டுபோவது 22 தான். 6,000 மெகாவாட்டை 400 கே.வி.யில் கொண்டுவர நினைத்தால் ஆறு பாதைகள், 276 மீட்டர் அகலம். அத்தனை ஊர்களிலும் ஆறு மடங்கு கோபுரம். நெடுந்தூர டி.சி. பாதையை எதிர்க்கிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அதை நிறுத்தினால் அதன் இடத்தில் வரக்கூடியது இன்னும் அதிக நிலத்தைத் தின்னும்.

பாதுகாப்பிலும் டி.சி.க்கு ஒரு சிறப்பு உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தென் மண்டலம் தப்பியது. அன்றைக்குத் தெற்கு மற்ற மண்டலங்களோடு டி.சி. இணைப்புகளால் மட்டுமே பிணைந்திருந்தது. தால்ச்சர்–கோலார் பாதை அவற்றில் ஒன்று. ஏ.சி.யில் மின்சாரம் தடை குறைந்த பக்கம் தானாகப் பாயும். ஒரு பக்கம் சரிந்தால் அடுத்த பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். டி.சி.யில் எவ்வளவு போக வேண்டும் என்பதை நாம் வைப்பதுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. பாதை வந்த பிறகு தெற்கும் ஏ.சி.யில் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பெருஞ்சுமையை டி.சி.யில் கொண்டுவருவது அந்தக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கிறது.

டி.சி.யின் பெரிய குறை, வழியில் இறக்க முடியாது என்பது. ஏ.சி. பாதையென்றால் நடுவில் ஒரு துணைமின் நிலையம் கட்டி அந்த வட்டாரத்துக்கு மின்சாரம் கொடுக்கலாம். டி.சி.யில் அதற்கு முழு மாற்று நிலையமே வேண்டும். காங்கோவின் இங்கா அணையிலிருந்து கொல்வேசிச் சுரங்கப் பகுதிக்கு 1982இல் போடப்பட்ட 1,700 கி.மீ. டி.சி. பாதை, மின்சாரமே இல்லாத ஊர்களின் தலைக்கு மேல் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. கோபுரத்துக்கு நிலம் கொடுத்த ஊருக்கு ஒரு விளக்குக்கூட எரியாவிட்டால் அந்தக் கோபுரத்தைக் காப்பதில் அந்த ஊருக்கு என்ன அக்கறை இருக்கும்? அங்கே கோபுர இரும்பு திருடுபோனதை வெறும் போலீஸ் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. வளரும் நாடுகளில் டி.சி.யைத் தேர்ந்தெடுப்பவர்கள் வழியோர ஊர்களுக்கான சாதாரண விநியோகப் பாதையின் செலவையும் அதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு. நடுவில் ஒரு மாற்று நிலையம் வைக்கவே முடியாது என்றும் இல்லை. வடகிழக்கிலிருந்து ஆக்ராவுக்கு வரும் ±800 கே.வி. பாதைக்கு அலிப்பூர்துவாரில் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஊருக்கு விளக்கேற்றும் அளவிலான வேலை அல்ல.

மேல்நிலைப் பாதையில் 600 முதல் 800 கி.மீ.க்கு மேல் டி.சி. மலிவு என்பது பொதுவான கணக்கு. அதற்குக் கீழே மாற்று நிலையங்களின் விலை பாதையில் மிச்சமாவதை விழுங்கிவிடும்.

மேலேயா, கீழேயா

400 கே.வி. ஏ.சி. கேபிளைப் புதைத்தால் என்ன ஆகும்? கேபிள் என்பது உள்ளே செம்பு, சுற்றிலும் எக்ஸ்.எல்.பி.இ. என்னும் பிளாஸ்டிக் மின்காப்பு, அதற்கு வெளியே உலோக உறை. உருவத்தில் அது மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு நீளமான கெப்பாசிட்டர். ஏ.சி. நொடிக்கு 50 முறை அதை நிரப்பி வடிக்கிறது. 2,500 சதுர மி.மீ. கேபிளுக்கு ஒரு கி.மீ.க்கு 0.22 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், அதை நிரப்ப மட்டும் கி.மீ.க்கு 16 ஆம்பியர் தேவை. கேபிள் தாங்குவது 1,600 ஆம்பியர் என்றால், 100 கி.மீ.யில் அத்தனையும் இந்த நிரப்பும் வேலைக்கே சரியாகிவிடும். மறுமுனையில் எடுக்க எதுவும் மிஞ்சாது. அதே 400 கே.வி. கோபுரப் பாதையில் இந்த நிரப்பு மின்சாரம் இருபதில் ஒரு பங்குதான். கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று, தூரமும் அதிகம்.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 27 கி.மீ. என்றால் ஏ.சி.யிலும் புதைக்கலாம். 27 கி.மீ.க்கு 430 ஆம்பியர் போகும். இரு முனையிலும் ரியாக்டர் வைத்துச் சமாளிக்கலாம். சென்னையில் 230 கே.வி. கேபிள்கள் மண்ணுக்குள்தான் ஓடுகின்றன. ஆகவே "ஏ.சி.யைப் புதைக்கவே முடியாது" என்று யாராவது சொன்னால் எத்தனை கி.மீ. என்று திருப்பிக் கேட்க வேண்டும். 10, 20 கி.மீ. என்றால் அது பணக் கணக்கு. 100 கி.மீ.யைத் தாண்டினால் இயற்பியல் குறுக்கே நிற்கிறது.

டி.சி.யில் நிரப்பும் வேலை ஒருமுறைதான். அதனால் தூர எல்லை கிடையாது. ஆனால் எந்த டி.சி. என்பதைப் பார்க்க வேண்டும். ராய்கர்–புகளூர் பாதையின் மாற்று நிலையங்கள் தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சுவிட்ச் வால்வுகளால் ஆனவை. அதில் மின்சாரம் போகும் திசையை மாற்ற வேண்டுமானால், உதாரணமாகக் காற்றாலைப் பருவத்தில் தெற்கின் உபரியை வடக்கே அனுப்ப வேண்டுமானால், நேர் முனையும் எதிர் முனையும் இடம் மாறும். எக்ஸ்.எல்.பி.இ. காப்புக்குள் தேங்கிக் கிடக்கும் மின்னூட்டம் இந்த மாற்றத்தில் காப்பையே துளைத்துவிடக்கூடும். புகளூர்–திருச்சூர் பாதையின் நிலையங்கள் டிரான்சிஸ்டர் வால்வுகளால் ஆனவை, இந்த வகையை வி.எஸ்.சி. என்று சொல்வார்கள். அதில் முனைகள் மாறாது, மின்னோட்டம் மட்டும் திரும்பும். அதனால்தான் அங்கே எக்ஸ்.எல்.பி.இ. கேபிளை நம்பிப் போட முடிந்தது. கூடுதலாக, திருச்சூர் முனையில் மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் வேலையையும் அந்த நிலையமே செய்கிறது. இறக்குமதி மின்சாரத்தை நம்பியிருக்கும் கேரளக் கட்டமைப்புக்கு இது பெரிய துணை.

எல்லாம் சரி, ராய்கர் பாதையையே வி.எஸ்.சி. ஆக்கிப் புதைத்திருக்கலாமே? புகளூர்–திருச்சூரில் பயன்பட்ட கேபிளின்படி ஒரு ஜோடிக்கு 1,000 மெகாவாட். 6,000 மெகாவாட்டுக்கு ஆறு ஜோடி, பன்னிரண்டு கேபிள், ஒவ்வொன்றும் 1,765 கி.மீ. இப்போது 525 கே.வி. கேபிள் வந்திருக்கிறது, ஜோடிக்கு 2,000 மெகாவாட். ஜெர்மனியின் ஸூட்லிங்க் திட்டம் அதை வைத்து 700 கி.மீ. தூரத்துக்கு 4,000 மெகாவாட்டை முழுக்க மண்ணுக்குள் கொண்டுபோகத் திட்டமிடப்பட்டது. 2015இல் சட்டத்தையே மாற்றிக் கேபிளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். விலை 1,000 கோடி யூரோ அளவு. 2022இல் முடிய வேண்டியது 2028க்குத் தள்ளிப்போனது. முடியும் என்பதற்கு அது சான்று. என்ன விலையில் முடியும் என்பதற்கும் அதுவே சான்று. புகளூர்–திருச்சூர் முழுவதற்கும், நிலையங்கள் உட்பட, 5,070 கோடி ரூபாய் ஆனது.

உச்ச நீதிமன்றமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. கானமயில் என்னும் அரிய பறவையைக் காக்க ராஜஸ்தான், குஜராத் வாழிடங்களில் மின்பாதைகளைப் புதைக்கச் சொல்லி 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் திருத்தி, எங்கே புதைக்கலாம், எங்கே முடியாது என்று பார்க்க வல்லுநர் குழுவை அமைத்தது. ஒட்டுமொத்தமாகப் புதை என்பதும் வேண்டாம் என்பதும் இரண்டுமே களத்தில் நிற்கவில்லை.

கொங்குப் பகுதியின் வழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே விளைநிலங்களுக்குள் நிற்கும் கோபுரங்களில் பல, புகளூரில் இறங்கிய மின்சாரத்தை அரசூர், இடையர்பாளையம், திருவலம் என்று பிரித்துக் கொண்டுபோகும் 400 கே.வி. ஏ.சி. பாதைகளுடையவை. அவற்றுக்குத் திருச்சூர் உதாரணம் அப்படியே பொருந்தாது. அவற்றில் ஊரும் தோப்பும் நெருங்கிய சில கி.மீ.யை மட்டும் கேபிளாக்கு என்று கேட்டிருந்தால் மறுப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் கிடைத்திருக்காது. அந்தக் கோரிக்கை துல்லியமாக வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

கேபிள் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

கேபிளைப் புதைத்தால் நிலம் பழையபடி கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாலையோரப் புறம்போக்கில் போனால் சரி. தோட்டத்துக்குள் போனால் அப்படியில்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கேபிள், அடியிலும் மேலும் சலித்த மணல், அதற்கு மேல் எச்சரிக்கைப் பலகைக் கற்கள், நாடா. அந்தப் பட்டையில் தென்னை, மா, முருங்கை வைக்க முடியாது; வேர் இறங்கும், மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சும். போர்வெல் போட முடியாது. கேபிள் சுற்றியுள்ள மண்ணைச் சூடாக்கும். சூட்டில் ஈரம் விலகினால் மண் வெப்பத்தைக் கடத்தாது, கேபிள் இன்னும் சூடேறும், இன்னும் ஈரம் போகும். சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் இது நிஜமான அபாயம். மண்ணின் வெப்பத்தடையைக் கோடையில் அளக்காமல் ஐப்பசி மழையில் அளந்து வடிவமைத்தால், வரைபடத்தில் தாங்கும் கேபிள் மண்ணில் தாங்காது.

இணைப்புகள் இன்னொரு கவலை. கேபிள் டிரம்மின் எடையை லாரியும் பாலமும் தாங்க வேண்டுமே. ஒரு டிரம்மில் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 27 கி.மீ.க்கு 45 துண்டுகள், 44 இணைப்புகள். நான்கு கேபிளுக்கு 176. ஒவ்வோர் இணைப்பும் தூசி நுழையாத கூடாரத்துக்குள், பயிற்சி பெற்ற கைகளால், நாட்கணக்கில் செய்யப்படுவது. காப்பை உரித்து மெருகேற்றும்போது ஒரு கீறல், ஒரு வியர்வைத் துளி தங்கிவிட்டால் போதும். சில ஆண்டுகள் கழித்து வெடிப்பது பெரும்பாலும் அந்த இடம்தான். கேபிளைக் காட்டிலும் இணைப்பே பலவீனம்.

கோபுரப் பாதையில் மின்னல் இறங்கினால் ஒரு நொடிக்குள் தானாக மீண்டும் இயங்கும். கோபுரமே சாய்ந்தாலும் தற்காலிகக் கம்பத்தை நிறுத்திச் சில நாட்களில் மின்சாரம் விடலாம். கேபிள் பழுதானால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, உதிரிக் கேபிள் கொண்டுவந்து, இரண்டு இணைப்பு போட்டு முடிக்க வாரங்கள் ஆகும். உதிரிக் கேபிளும் இணைப்புப் பொருட்களும் உள்ளூர்க் கிடங்கில் இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை பாதை படுத்துக் கிடக்கும். ஒப்பந்தத்திலேயே அவற்றை வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும். வளரும் நாடுகளில் முதல் வெட்டு விழுவது இந்த வரியில்தான்.

400 கே.வி. ஏ.சி. கேபிளின் செலவு கோபுரப் பாதையைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு வரை போகும். மண்ணும் சாலை அனுமதியும் அதை நிர்ணயிக்கும்.

புதுப் பாதையே இல்லாமல்

இந்த வழியை ஏனோ பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இருக்கிற பாதையில் கம்பியை மட்டும் மாற்றுவது. பழைய எஃகு உள்ளீடு கொண்ட அலுமினியக் கம்பி 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். உயர்வெப்பம் தாங்கி, குறைவாகத் தொங்கும் புதிய ரகக் கம்பிகள் 150 டிகிரிக்கு மேல் தாங்கும். ஏறக்குறைய இரட்டிப்பு மின்னோட்டம் போகும், கோபுரம் அதேதான். 110, 230 கே.வி.யில் 50, 60 கி.மீ. பாதைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. நெடுந்தூரத்துக்குப் பயன் குறைவு. அங்கே எல்லையை வைப்பது சூடு அல்ல என்று மேலே பார்த்தோம். இரட்டிப்பு மின்னோட்டத்துக்கு நான்கு மடங்கு இழப்பு என்பதையும் மறக்கக் கூடாது. உச்ச நேரத்தில் மட்டும் சுமை ஏறும் பாதைக்குச் சரி, நாள் முழுக்க நிறைந்து ஓடும் பாதைக்குச் சரியில்லை.

பழைய 110 கே.வி. பாதையைக் கழற்றி, அதே தடத்தில் நான்கு சர்க்யூட் கோபுரம் நிறுத்துவதும் உண்டு. வேலை நடக்கும் மாதங்களில் அந்தப் பகுதிக்கு மாற்று மின்சாரம் வேண்டும். பல்லடம், உடுமலை பக்கம் காற்று வீசும் பருவத்தில் அப்படி ஒரு ஷட்டவுன் கேட்டால் கிடைப்பது கடினம்.

கோபுரம்தான் என்று முடிவானால்

நெடுந்தூரத்துக்கு முடிவு கோபுரமாகத்தான் இருக்கும். அப்போது சண்டை போட வேண்டிய இடம், கோபுரம் நிற்கும் இடத்தைக் குறித்து முளை அடிக்கும் கட்டம். 400 கே.வி.யில் கோபுரத்துக்குக் கோபுரம் 400 மீட்டர். நேர்கோட்டில் நிற்கும் சாதாரணக் கோபுரம் 2 டிகிரி வளைவு வரைதான் தாங்கும். முளையைப் பக்கவாட்டில் 7 மீட்டர் நகர்த்தினாலே அந்த 2 டிகிரி வந்துவிடும். அதற்கு மேல் என்றால் 15 டிகிரி கோணக் கோபுரம் போட வேண்டும். இரும்பும் அடித்தளமும் கூடும், ஒப்பந்தக்காரர் மறுப்பார். கோட்டின் வழியே முன்னும் பின்னும் 10, 15 மீட்டர் நகர்த்துவது அவ்வளவு கடினமல்ல. கிணற்று மேட்டிலிருந்து வரப்போரத்துக்கு, வயலின் நடுவிலிருந்து எல்லைக் கல்லுக்கு அருகே என்று பெரும்பாலான சிக்கல்கள் இந்த நகர்த்தலில் தீரும். கான்கிரீட் போட்ட பிறகு எதுவும் நகராது.

கம்பி தரையிலிருந்து 400 கே.வி.யில் 8.84 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. தென்னைக்கு மேலே போக வேண்டுமானால் 26 மீட்டராவது வேண்டும். 18 மீட்டர் கூடுதல் உயரக் கால்கள் போட்டால் முடியும். வனப் பகுதியிலும் ஆற்றைக் கடக்கும்போதும் அப்படிச் செய்கிறார்கள். தோப்பு நீளமாக இருந்தால் மர இழப்பீட்டையும் இரும்புச் செலவையும் பக்கம் பக்கமாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

இழப்பீட்டில் பலர் ஏமாறுவது கோபுரக் காலை மட்டும் பார்ப்பதால். கோபுரத்தின் அடிப்பகுதி பக்கத்துக்கு 12 மீட்டர் கொண்ட சதுரம் என்றால் மூன்றரை சென்ட். ஆனால் 46 மீட்டர் அகலத்தில் ஒரு ஸ்பான், அதாவது இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம், 400 மீட்டர் என்றால் நாலரை ஏக்கர். மத்திய மின்துறை 2015 அக்டோபரில் சொன்னபடி கால் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது 200, 30 என்று மாறியது. புது அளவில் காலுக்கு ஏழு சென்ட் விலை கிடைக்கும். பட்டைக்கு ஒன்றேகால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் விலை. பணம் பட்டையில்தான் இருக்கிறது. இது வழிகாட்டுதல் மட்டுமே, மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். பயிருக்கும் மரத்துக்கும் தனி. வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட வெகு குறைவாக உள்ள ஊர்களில் அண்மைக் கிரயப் பத்திரங்களின் நகல்களை முன்கூட்டியே திரட்டி ஆட்சியரிடம் கொடுப்பது உதவும். நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழியாக 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரம் பயன்படுகிறது. தொகை போதாது என்றால் அந்தச் சட்டத்தின் 16(3) படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

கட்டுமானத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் தரைக்குக் கீழே. ஒவ்வொரு குழியிலும் மண்ணைப் பார்த்து வகை பிரிக்க வேண்டும்: காய்ந்த மண், ஈர மண், கரிசல், சிதைந்த பாறை, கெட்டிப் பாறை. ஒன்றுக்குப் போட்ட வரைபடத்தை இன்னொன்றுக்குப் போட்டால் கரிசல் மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும்போது கால் நகரும். நான்கு ஸ்டப்பும் (அடித்தளத்தில் புதையும் கோபுரக் கால் துண்டுகள்) டெம்ப்ளேட்டில் (அளவுச் சட்டத்தில்) மட்டம் பிசகாமல் நிற்க வேண்டும், சில மி.மீ. பிசகினாலும் மேலே போகப் போக போல்ட் துளைகள் சேராது. அப்போது கடப்பாரையால் நெம்பிச் சேர்ப்பார்கள். அந்தக் கோணக் கம்பி பிறவியிலேயே முறுக்கோடு நிற்கும். கான்கிரீட்டுக்கு 14 நாள் தண்ணீர் விட்ட பிறகே கோபுரம் ஏற்ற வேண்டும், 28 நாள் கழித்தே கம்பி இழுக்க வேண்டும். குழியை மூடும்போது அடுக்கடுக்காக நீர் தெளித்து இடிக்காவிட்டால், காற்றில் கோபுரத்தின் ஒரு காலை மேலே இழுக்கும் விசைக்கு எதிராக அந்த மண் எதுவும் செய்யாது. அடித்தளம் கீழே அழுந்துவதைவிட மேலே பிடுங்கப்படுவதே இங்கே கவலை.

கம்பியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கீறல் விழுந்த அலுமினிய இழையிலிருந்து மழைக்காலத்தில் சடசடவென்று சத்தம் வரும், ரேடியோ இரையும், இழப்பும் கூடும். முதலில் ஓடவிடும் பைலட் கயிறு, ஒரு முனையில் கம்பியைத் தளரவிடாமல் பிடிக்கும் டென்ஷனர், மறுமுனையில் இழுக்கும் புல்லர் என்று இறுக்கத்திலேயே இழுக்க வேண்டும். ஒரு ஸ்பானில் ஒரு கம்பிக்கு ஓர் இணைப்புக்கு மேல் கூடாது, அது கோபுரத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சாலை, ரயில் பாதைக்கு மேல் இணைப்பே கூடாது. கம்பியைத் தாங்கும் கீழ்க் கை (கிராஸ் ஆர்ம்) வரை போல்ட்டுகளை வெல்டு வைத்து அடைக்காவிட்டால் குறுக்குக் கோணங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நான்கைந்து போனாலே அடுத்த சூறைக்காற்றில் கோபுரம் மடங்கும்.

கம்பிக்கு அடியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறது என்று போராட்டங்களில் காட்டினார்கள். அது உண்மைதான். ஏ.சி. பாதையின் மின்புலம் காற்றிலேயே மிகச் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். டியூப்லைட் மங்கலாக ஒளிர அது போதும். உயிரைப் பறிக்கும் அளவு அது இல்லை. ஆனால் அதே புலம் கம்பிக்கு இணையாக ஓடும் நீண்ட முள்கம்பி வேலியிலும், தகரக் கொட்டகையிலும், ரப்பர் டயரில் நிற்கும் டிராக்டரிலும் சேரும்போது தொடுகிறவரைச் சுரீர் என்று இழுக்கும். வேலியை 30, 40 மீட்டருக்கு ஒருமுறை துண்டித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எர்த் கம்பி அடித்தால் நின்றுவிடும். பாதை போடும் ஒப்பந்தக்காரரின் வேலை இது. மின்சாரம் விடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நெல் அறுவடை இயந்திரமும் போர்வெல் வண்டியும் கம்பிக்கு அடியில் வரும்போது தங்கள் நீண்ட கையை (பூம்) தூக்காமல் இருக்க, கோபுரத்தில் எத்தனை கே.வி., எத்தனை மீட்டர் உயரம் என்று தமிழில் பலகை வைக்கச் சொல்வதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.